தொடர்நாடகமும் பயன் சொல்வோரும்: பார்வையாளர் அபிப்பிராயம் பற்றிய சில அவதானிப்புகள்

தமிழில் தொலைக்காட்சித் தொடர்நாடகங்கள் பற்றி எழுதப்பட்டவற்றை ஒருசேர வைத்து நோக்கின், இரு வகை எழுத்துகளே பெரும்பான்மையாகக் காணப்படும். ஒன்று, நடிகையரின் நேர்காணலையும் கதைச் சுருக்கத்தையும் தரும் சஞ்சிகை எழுத்து. மற்றையது, இத்தொடர்களைக் கலாசாரச் சீரழிவென ஒரே வசனத்திற் கண்டித்துவிட்டு அடுத்த விடயத்துக்குச் செல்லும் அறிவுலக எழுத்து. முதலாவது பார்வையாளரை வாடிக்கையாளராகக் கொள்கிறது. இரண்டாவது அவரை நோயாளியாகக் கொள்கிறது. அவர் என்ன சொல்கிறார் என்பதை இரண்டுமே கேட்பதில்லை. நாமும் இந்த இரண்டாவது வகைக் கூற்றைக் கருத்தரங்க மேடைகளிற் சொல்லி வந்தவர்களே என்பதை இவ்விடத்து ஒப்புக்கொள்ளுதல் முறையாகும். “மக்களை மயக்கும் அபின்” என்ற சொற்றொடர் எமது வாயிலும் பலமுறை வந்துள்ளது. மதம் பற்றிய தமது கூற்றில் மார்க்ஸ் அபினோடு சேர்த்து ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சையும் குறிப்பிட்டார் என்பதை மாணவருக்குக் கற்பித்த நாமே, தொடர்நாடகத்தைப் பற்றிப் பேசும்போது பெருமூச்சை விட்டுவிட்டு அபினை மாத்திரம் எடுத்துக்கொண்டோம்.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. 1960களின் முற்பகுதியில் ஈழத்து இலக்கிய உலகில் மரபு பற்றிய விவாதம் எழுந்தபோது, சாதாரண மக்களின் பேச்சை ஆக்கவிலக்கியத்திற் கொண்டுவந்தவர்களை நோக்கி “இழிசனர் வழக்கு” என்ற வசை எறியப்பட்டது. அவ்வசையை எதிர்கொண்டு, உழைக்கும் மக்களின் மொழி இலக்கிய மொழியாகும் தகுதியுடையது என வாதாடி வென்றது முற்போக்கு அணி. ஆயின் அந்த மக்களுட் பெண்பாலார் மாலைவேளைகளில் ஒன்றுகூடி, ஒரு கதையை எடுத்து அதன் மாந்தரை விசாரித்து, தீர்ப்புக் கூறும் பேச்சை நாம் இலக்கியப் பேச்சாகக் கொள்ளவில்லை. அடுக்களைப் பேச்சு என்றோம். எமது மூத்த தலைமுறை தோற்கடித்த அதே மனோபாவம் எமது வாசல் வழியாகவே திரும்பி வந்திருக்கிறது.

பார்வையாளரின் அபிப்பிராயம் ஒரு வகை விமர்சனமே என்பதும், அவ்விமர்சனத்துக்கு வலிமை தருவதும் எல்லை வகுப்பதும் பார்வையாளர் வாழும் சொத்துறவுகளே என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும். 

யாழ்ப்பாணத்துச் சமூகத்தில் இதற்கொரு பழைய நிறுவனம் இருந்தது. ஆலயங்களிற் புராணபடனம் நிகழும்போது ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றொருவர் அதற்குப் பொருள் விரிப்பார். இந்தப் பொருள் விரித்தலைப் ‘பயன் சொல்லுதல்’ என்பர். கந்தபுராணக் கதை அவையிலிருக்கும் எல்லோருக்கும் தெரியும். சூரபத்மன் இறுதியில் என்ன ஆவான் என்பதை அறியும் ஆவலால் எவரும் வருவதில்லை. தெரிந்த கதையின் இந்தக் கட்டத்தில், இந்தப் பாத்திரத்தின் இந்தச் செயலுக்கு இவர் என்ன பயன் சொல்லப் போகிறார் என்பதே கேட்போரின் ஈடுபாட்டுக்குக் காரணமாயிருந்தது. தொடர்நாடகம் ஓடும் அறையில் நடைபெறுவதும் ஏறத்தாழ இதுவே. திரையிற் பாத்திரம் பேசும். அறையில் ஒருவர் பயன் சொல்வார். “இவள் இப்பிடி வாய் காட்டியிருக்கக் கூடாது”, “இவனுக்கு இது காணாது” என்னும் வசனங்கள் அவ்வகையின.

இவ்வொப்புமையை மிகைப்படுத்தலாகாது. புராணபடன மரபைப் பற்றி உருக்கத்தோடு எழுதுவோர், அங்கு பயன் சொன்னவர் யார் என்ற வினாவைப் பொதுவாக எழுப்புவதில்லை. அவர் பெரும்பாலும் உயர்சாதி ஆண். இலக்கணமும் சைவ சித்தாந்தமும் கற்றவர். தாழ்த்தப்பட்டோர் எனக் கருதப்பட்டோர் கோயில் வாசலுக்கு அப்பால் நிறுத்தப்பட்டிருந்தனர். மாவிட்டபுரத்தில் அவ்வாசலைத் திறப்பதற்கு 1968 இல் ஒரு போராட்டமே நடத்த வேண்டியிருந்தது. பெண்கள் கேட்போராய் இருந்தனர், சொல்வோராய் இருக்கவில்லை. தொலைக்காட்சி அறையிலோ பயன் சொல்பவர் பெரும்பாலும் பெண். அவரை எந்த மடமும் எந்தப் பண்டிதர் பரீட்சையும் நியமிக்கவில்லை. அவருக்கு அந்த அதிகாரத்தை அளித்தது அவரது வாழ்க்கை அனுபவமே. 

பயன் சொல்லும் அதிகாரம் யாருக்குரியது என்ற வினா தொலைக்காட்சி வரலாற்றில் மிகத் துலக்கமாக எழுந்தது இந்தியத் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘ஹம் லோக்’ என்ற இந்தித் தொடரின் விடயத்திலாகும். 1984 ஜூலை முதல் 1985 டிசம்பர் வரை 156 பகுதிகளாக வெளிவந்த இத்தொடரை மனோகர் ஷியாம் ஜோஷி எழுதினார். தொடர்நாடகத்தைச் சமூகக் கல்விக்குப் பயன்படுத்திய மெக்சிக்கோ நாட்டு முயற்சிகளை முன்மாதிரியாகக் கொண்டு, அரசே திட்டமிட்டு உருவாக்கியது அது. குடும்பக் கட்டுப்பாடும் பெண்களின் நிலையும் அதன் மூலம் போதிக்கப்பட வேண்டியவை. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பழம்பெரும் நடிகர் அசோக் குமார் தோன்றி, நடந்தவற்றின் கருத்தை விளக்குவார். எமது வழக்கிற் சொன்னால், அரசு தனக்கென ஒரு பயன் சொல்பவரை நியமித்திருந்தது.

நடந்தது வேறு. முதற் சில வாரங்களிற் குடும்பக் கட்டுப்பாட்டுப் போதனை கனத்துக் கிடந்தமையால் மக்கள் ஆர்வம் காட்டவில்லை. எனவே அது குறைக்கப்பட்டுக் குடும்பக் கதை முன்னுக்கு வந்தது. அதன் பின்னரே தொடர் வெற்றி பெற்றது. பார்வையாளரிடமிருந்து ஏறத்தாழ நான்கு இலட்சம் கடிதங்கள் வந்தன என அதனை ஆராய்ந்த ஆர்விந்த் சிங்காலும் எவரெற் றோஜேர்ஸும் குறிப்பிடுவர். அவ்வாய்வின் மிக முக்கியமான செய்தி பகவந்தி என்ற பாத்திரம் பற்றியது. கணவனின் குடிக்கும் மாமியாரின் ஏச்சுக்கும் வாய் திறவாது பணியும் தாய் அவள். இப்படி இருத்தலாகாது எனக் காட்டுவதற்காகவே அப்பாத்திரம் படைக்கப்பட்டது. ஆயின் பார்வையாளருட் கணிசமானோர், பெண்களும் உட்பட, அவளையே பின்பற்றத்தக்க மாதிரியாகக் கொண்டனர். 

இதனைக் கண்ட கல்வியாளர் பலர், மக்கள் தவறாக விளங்கிக் கொண்டனர் என்ற முடிவுக்கு வந்தனர். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. வேலையும் சொத்தும் பிறந்தகத்தில் இடமும் அற்ற ஒரு பெண்ணுக்குப் பணிவைத் தவிர வேறு எந்த வழியையும் தொடர் காட்டவில்லை. பகவந்தி வீட்டை விட்டு வெளியேறினால் எங்கே உறங்குவாள் என்ற வினாவுக்கு அசோக் குமாரிடம் விடை இருக்கவில்லை. பணிவைத் தனது பிழைப்பின் உபாயமாகக் கொண்ட பெண், திரையில் அதே உபாயத்தைக் கையாள்பவளைக் கண்டு மதித்தாள். போதனை தோற்றமைக்குக் காரணத்தைப் பார்வையாளரின் அறியாமையில் அன்று, போதித்தவர்கள் பேசாது விட்ட பொருளாதாரத்திலேயே தேட வேண்டும். இந்தியத் தொலைக்காட்சியில் ஒரு நுகர்பொருளின் விளம்பர ஆதரவோடு பெரும் வெற்றி கண்ட முதற் தொடர் இதுவே என்பதும் மனங்கொளத்தக்கது. மகி நூடில்ஸ் அதனோடு சேர்ந்தே இந்திய வீடுகளுக்குள் நுழைந்தது. பின்னர் வந்த வணிகத் தொலைக்காட்சிக்கு வழி காட்டியது இந்த உண்மையே, போதனை மறக்கப்பட்டது.

மேற்குலக மார்க்சியரிடையே இவ்வினா அதற்கு முன்னரே விவாதிக்கப்பட்டது. ஊடகம் சொல்வதை மக்கள் சொல்லியவாறே ஏற்பதில்லை, இணங்கியும் பேரம் பேசியும் எதிர்த்தும் வாசிப்பர் என ஸ்ருவாட் ஹோல் 1973 இல் எழுதினார். அமெரிக்கத் தொடரான ‘டலஸ்’ பற்றி ஒல்லாந்துப் பார்வையாளர், பெரும்பாலும் பெண்கள், எழுதிய 42 கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு இயென் ஆங் 1982 இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்நூலில் எம்மைக் கவர்ந்தது ஓர் அவதானிப்பு: தொடரை விரும்புவோர் தமது விருப்பத்தைச் சொல்லும்போதே அதற்காக நாணுகின்றனர், கற்றோரின் ஏளனத்தை முன்கூட்டியே எதிர்பார்த்து, சற்றுக் கேலியோடு பேசித் தம்மைக் காத்துக்கொள்கின்றனர். ஏளனமும் ஒரு கருத்துநிலை. அது அபிப்பிராயத்தின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. இதனை எமது சொந்த அனுபவத்திலும் கண்டோம். அதனைப் பின்னர் கூறுவோம்.

எனினும், பின்னாளிற் பெருகிய பார்வையாளர் ஆய்வுகளோடு எமக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு பார்வையாளரும் தமக்குரிய அர்த்தத்தைப் படைக்கிறார் எனக் கொண்டாடும் அவ்வாய்வுகள், நாடகம் எதற்காக உற்பத்தி செய்யப்படுகிறது என்பதை மறந்துவிட்டன. கனேடியப் பொருளியலாளர் டலஸ் ஸ்மைத் 1977 இல் முன்வைத்த கருத்து இங்கு வேண்டப்படுகிறது. வணிக ஒலிபரப்பு விற்பது நிகழ்ச்சியை அன்று. நிகழ்ச்சியால் திரட்டப்பட்ட பார்வையாளரையே அது விளம்பரகாரருக்கு விற்கிறது என்றார் அவர்.

தமிழ்த் தொடர்களின் உற்பத்தி முறை இதற்குத் தக்க சான்று. சென்னையில் 1993 ஏப்ரலில் தொடங்கிய சன் தொலைக்காட்சி, நீண்ட காலம் தொடர்களைத் தானே தயாரிப்பதைக் காட்டிலும் நேரத்தை விற்பதையே பெரிதும் கைக்கொண்டது. தயாரிப்பு நிறுவனம் அரைமணி நேரத்துக்குக் கட்டணம் செலுத்தும். அந்த அரைமணிக்குள் வரும் விளம்பர நேரத்திற் பெரும்பகுதியைத் தானே விற்று இலாபம் காணும். நல்ல நேரம் ஒன்றைப் பிடித்தவர் அதனை இலகுவில் விடமாட்டார். ‘மெட்டி ஒலி’ 800 பகுதிகளைத் தாண்டியமைக்கும் ‘கோலங்கள்’ 1,500 பகுதிகளைத் தாண்டியமைக்கும் கதையின் தேவை காரணமன்று. நேரத்துக்கு உரிமை கொண்டாடுதல் ஒரு வகை நிலவுடைமைதான். சென்னைப் புறநகர்களில் நாள்வாடகைக்கு எடுக்கப்பட்ட ஒரே வீட்டுக்குள் இயன்றவரை பல காட்சிகளை எடுத்து முடிப்பது செலவைக் குறைக்கும். தமிழ்நாட்டுச் சமூகத்திற் கூட்டுக்குடும்பம் சிதைந்து வந்த காலத்தில், திரையில் மாத்திரம் மூன்று தலைமுறைகள் ஒரே கூடத்தில் நின்று சண்டையிட்டமைக்கு இச்சிக்கனமும் ஒரு காரணமாதல் கூடும். பண்பாட்டுக் காவலர் இதனை மரபின் வலிமை எனக் கொள்வாராயின் நாம் மறுக்கப் போவதில்லை. மரபுக்கும் வாடகை உண்டு.

இம்முறையிற் பார்வையாளரின் அபிப்பிராயத்துக்கு என்ன இடம்? எண் என்ற இடம் மாத்திரமே. மாதிரியாகத் தெரிந்தெடுக்கப்பட்ட வீடுகளிற் பொருத்தப்பட்ட கருவி, எந்த அலைவரிசை எத்தனை நிமிடம் ஓடிற்று என்பதைப் பதிவு செய்கிறது. அழுது பார்த்தவரும், ஏசிக்கொண்டே பார்த்தவரும், தொலைக்காட்சியை ஓடவிட்டு உளுந்து அரைத்தவரும் அதில் ஒரே எண். 2015 முதல் இந்தியாவில் இந்த அளவீட்டை நடத்தும் நிறுவனம் இந்திய வீடுகளையே கணக்கிடுகிறது. செய்மதி வழியாக யாழ்ப்பாணத்திலோ அட்டனிலோ அதே நாடகத்தைப் பார்ப்பவர் அந்த எண்ணிலும் இல்லை. அவரது கண்ணீர் கணக்கில் வராத கண்ணீர்.

எமது வடபகுதிக்கு இத்தொடர்கள் வந்த வழியும் குறிப்பிடத்தக்கது. 1979 இல் இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கிற்று. 1982 இல் ரூபவாஹினி வந்தது. 1990 இலிருந்து பல ஆண்டுகள் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. நாள்தோறும் குறித்த நேரத்தில் ஒரு கதையைப் பின்தொடரும் பழக்கத்துக்கு மின்சாரம் மாத்திரமன்றி, நாளை என்ற ஒன்று வரும் என்ற குறைந்தபட்ச நம்பிக்கையும் வேண்டும். 2002 பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. அதே ஆண்டில் ‘மெட்டி ஒலி’ தொடங்கிற்று. அந்த ஆண்டுகளைப் பற்றி எமது ஊரவரிடம் பேசினால், பாதை திறந்ததையும் அத்தொடரையும் ஒரே மூச்சிற் குறிப்பிடுவோர் உளர்.

திருமுருகன் இயக்கிய அத்தொடர் 2005 வரை ஓடிற்று. மனைவியை இழந்த சிதம்பரம் என்ற தந்தை, தமது ஐந்து பெண்மக்களையும் வளர்த்துக் கரைசேர்க்க முயல்வதும், அப்பெண்கள் புகுந்த வீடுகளிற் படும் பாடுமே கதை. குறிப்பாக இரண்டாவது மகள் சரோஜா, தாயின் சொல்லைத் தட்டாத மாணிக்கம் என்பவனுக்கு வாழ்க்கைப்பட்டு மாமியாரால் அடையும் துன்பம் அன்றைய பார்வையாளரை வெகுவாகப் பாதித்தது. கொரோனாத் தொற்றினாற் படப்பிடிப்புகள் நின்ற 2020 இல் சன் தொலைக்காட்சி இதனை மீண்டும் ஒளிபரப்பியது. அப்போது எமது அயலில், அறுபது வயதைக் கடந்த ஓர் அம்மையாரின் வீட்டில் இதனைச் சில நாள்கள் இருந்து பார்த்தோம். ஆய்வுக்கெனச் சென்றோம் எனச் சொல்வது பொய்யாகும்; போக வேறிடம் இருக்கவில்லை.

எம்மைக் கண்டதும் அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்தார். “உதெல்லாம் சும்மா பொழுதுபோக்குத்தான் தம்பி. நீங்கள் படிச்ச ஆக்கள், உதுகள் பாக்க மாட்டியள்” என்றார். ஒல்லாந்துக் கடிதங்களில் இயென் ஆங் கண்ட அதே நாணம். மூன்றாம் நாள் ஒலி குறைக்கப்படவில்லை. நான்காம் நாள், மாமியார் சரோஜாவை வீட்டை விட்டு விரட்டும் தோரணையிற் பேசிய காட்சி முடிந்து விளம்பர இடைவேளை வந்தபோது அவர் கூறியது வருமாறு:

“ஐஞ்சு பொம்பிளைப் பிள்ளையளைப் பெத்த மனிசன் ஒண்டுக்கெண்டாலும் ஒரு வீட்டை எழுதிக் குடுக்கேல்லைப் பாருங்கோ. அதுதான் அந்தப் பிள்ளை மாமியின்ர வீட்டில கிடந்து இழுபடுது. எங்கட பக்கத்திலயெண்டால் வீடு பெட்டையின்ர பேரிலயெல்லோ. மாமி சத்தம் போட்டால் படலையைத் திறந்துவிட்டு, போட்டு வாங்கோ மாமி எண்டு சொல்லலாம்.”

இத்தொடர் பற்றி அச்சில் வந்தவற்றுள் இதற்கு நிகரான பொருள்முதல்வாத விளக்கத்தை நாம் கண்டதில்லை. கொடுமைக்கார மாமியார் என்பது தொடரின் கருத்துநிலை. அக்கொடுமை மாமியாரின் குணத்தில் இல்லை, வீடு யாருடைய பெயரில் இருக்கிறது என்பதில் இருக்கிறது என்பது இவ்வம்மையாரின் பயன். ஒல்லாந்தர் 1707 இற் சட்டமாக்கிய தேசவழமை, சீதனத்தை மகளுக்குரிய சொத்தாகக் கொண்டது. வடபகுதியிற் காணியும் வீடும் மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழக்கமும், மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து வாழும் வழக்கமும் இன்னும் முற்றாக அற்றுவிடவில்லை. தமிழ்நாட்டுத் தொடர் இயற்கை விதியெனக் காட்டும் ஒன்றை, வேறொரு சொத்துரிமை முறையில் வாழும் பார்வையாளர் ஒரு குறிப்பிட்ட ஏற்பாடாகக் கண்டுகொள்கிறார். பிறெக்ற் தமது அரங்கிற் பெரும் பிரயத்தனத்தோடு ஏற்படுத்த முயன்ற தூரப்படுத்தலை, பாக்கு நீரிணை இலவசமாகவே தந்துவிடுகிறது. மலையகத்தில் இதே காட்சிக்கு வேறு பயன் சொல்லப்படும். அங்கு லயன் அறை மாமியாரின் பெயரிலும் இல்லை, மருமகளின் பெயரிலும் இல்லை. தோட்டத்தின் பெயரில் இருக்கிறது.

உரையாடல் அத்துடன் நிற்கவில்லை. அடுக்களை வாயிலில் நின்ற அவரது மச்சாள் குறுக்கிட்டார்: “உந்த வீட்டைக் கட்டத்தானே அண்ணை பதினாறு வருசம் கட்டாரில நிண்டவர். தனக்கெண்டு ஒரு கலியாணம் செய்யேக்கை அவருக்கு நாப்பது வயது.” அம்மையார் விடை கூறவில்லை. விளம்பரம் முடிந்து சரோஜா மீண்டும் அழத் தொடங்கினாள். இருவரும் திரையை நோக்கினர்.

பார்வையாளர் அபிப்பிராயத்தின் வலிமையும் எல்லையும் இந்த மூன்று நிமிடங்களில் அடங்கியுள்ளன. முதலாமவர் தமது சமூகத்தின் சொத்துறவிலிருந்து மற்றொரு சமூகத்தின் சொத்துறவை விமர்சித்தார். இரண்டாமவர் அந்த அளவுகோலையே கேள்விக்குள்ளாக்கினார்: மகளைக் காக்கும் வீடு, மகனின் இளமையை விழுங்கியே எழுகிறது. இன்னும் ஒரு படி சென்றிருப்பின் பேச்சு சீதன முறையையே முழுமையாக விசாரித்திருக்கும். அந்தப் படியை வைப்பதற்குள் விளம்பரம் முடிந்துவிட்டது. விளம்பர இடைவேளை மூலதனத்துக்குச் சொந்தமான நேரம். ஆனால் தொடரின் பிடி தளர்ந்து மக்கள் பேசும் நேரமும் அதுவே. அந்த நேரத்துக்குள் விமர்சனம் எவ்வளவு தூரம் செல்ல முடியுமோ அவ்வளவு தூரமே சென்றது. தொடர்நாடகத்தின் காட்சிக்கும் விளம்பரத்துக்கும் இடையே மதில் இல்லை, எல்லாம் ஒரே ஓட்டம் என 1974 இல் றேமண்ட் வில்லியம்ஸ் எழுதினார். ஓட்டத்தை அவர் சரியாகவே கண்டார். ஓட்டத்தின் நடுவே இருவர் பேசிக்கொள்வதை நாம் அவருடைய கூற்றோடு சேர்த்துக்கொள்ள விரும்புகிறோம்.

தொடர்கள் இவ்விசாரணையை எவ்வாறு திசைதிருப்புகின்றன என்பதற்குத் திருச்செல்வம் இயக்கிய ‘கோலங்கள்’ எடுத்துக்காட்டு. 2003 முதல் 2009 வரை ஓடிய அதன் நாயகி அபி, குடும்பத்தைத் தன் உழைப்பாற் காத்து, பின்னர் கட்டட நிர்மாணத் தொழிலில் ஈடுபடுபவள். தமிழ்த் தொடரொன்றில் ஒரு பெண் தொழில் முயற்சியாளராக வந்தமை முன்னேற்றமே. ஆயின் அவளது தொழிற் போட்டியாளனான ஆதி, அதே தந்தைக்கு மற்றொரு தாரத்திற் பிறந்தவன். மூலதனத்துக்கும் மூலதனத்துக்குமான போட்டி, ஒரு தந்தையின் இரு குடும்பங்களுக்கிடையிலான பகையாக உருமாற்றப்பட்டது. சந்தையின் கொடூரம் ஒருவனின் பிறவிக் குணமாயிற்று. கல் சுமந்தோரின் வாழ்வு கதையின் மையத்துக்கு வரவேயில்லை. இதனைப் பற்றி எந்தப் பார்வையாளரும் குறைபட்டு நாம் கேட்டதுமில்லை. பார்வையாளரைப் போற்றப் புறப்பட்டவர்கள் இந்த மௌனத்தையும் எழுதியாக வேண்டும்.

அதே இயக்குநரின் ‘எதிர்நீச்சல்’ 2022 முதல் 2024 வரை ஒளிபரப்பாயிற்று. இதிற் சொத்து மறைவாக இல்லை. குடும்பத்தின் முதியவளான அப்பத்தாவின் 40 சதவீதப் பங்கு யாருக்குச் செல்லும் என்பது பல மாதங்கள் கதையை நடத்திற்று. கற்ற பெண்களை மருமகள்களாகக் கொண்டு அடக்கும் ஆதி குணசேகரனாக நடித்தவர் ஜி. மாரிமுத்து. அவர் 2023 செப்டெம்பர் 8 ஆம் திகதி காலமானபோது, அப்பாத்திரத்தை நாளும் சபித்த பெண்களே பெருந்துயர் அடைந்தனர். இதனை முரண்பாடெனக் கொண்டு நகைத்தவர் உளர். நாம் வேறுவிதமாகக் காண்கிறோம். குணசேகரன் மற்றத் தொடர்களின் சூழ்ச்சிக்கார வில்லன் போன்றவன் அல்லன். தம் வீட்டிற் கண்ட ஆணை, அவனது பேச்சோடும் செருக்கோடும் கோமாளித்தனத்தோடும் அவர்கள் முதன்முறையாகத் திரையிற் கண்டனர். கண்டு சிரிக்கவும் முடிந்தது. சொந்த வீட்டில் அச்சிரிப்புக்கு இடமில்லை. அதனைத் தந்த கலைஞனுக்காக அவர்கள் வருந்தினர். பாத்திரத்தை வெறுத்து நடிப்பை மதித்தல் என்பது கூத்துப் பார்த்துப் பழகிய சமூகத்துக்குப் புதிதன்று. விடிய விடிய இராவணனாக ஆடியவனை, விடிந்ததும் எவரும் கல்லால் எறிந்ததில்லை.

ஈழத்துப் பார்வையாளர் பற்றி மேலும் ஒரு விடயம். இலங்கை வானொலியில் சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ தொடராக ஒலித்த காலத்தில், எம்மவர் தமது பேச்சுமொழியில், தமது வீட்டுப் பிரச்சினைகளைப் பற்றிய நாடகத்துக்குப் பயன் சொன்னார்கள். இன்று அவர்கள் பயன் சொல்வது பெரும்பாலும் வேறொரு நிலத்தின் கதைக்கு. அதனால் விளைந்த ஒரு நன்மையை, அதாவது சீதன வீட்டை அளவுகோலாக்கி அயற்கதையை விசாரிக்கும் கூர்மையை, மேலே கண்டோம். ஆனால் அந்த மச்சாளின் வசனத்தை ஏந்திக்கொள்ளத்தக்க ஒரு தொடர் எமது தொலைக்காட்சியில் எழவில்லை. பதினாறு ஆண்டுகள் கட்டாரில் நின்றவனின் கதையைச் சென்னை ஏன் எழுத வேண்டும்? அதனை எழுதாமைக்குரிய பொறுப்பு சென்னையைச் சார்ந்ததன்று. சிறிய சந்தை, முதலீடின்மை என்ற காரணங்கள் உண்மையே. அவற்றோடு, தொடர்நாடகம் எழுதுவதைத் தமது தகுதிக்குக் குறைவெனக் கருதிய எழுத்தாளரின் கூச்சத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அக்கூச்சத்தை வளர்த்தவர்களுள் விமர்சகராகிய நாமும் அடங்குவோம்.

மறுஒளிபரப்பின் இறுதி நாள்களில் அவ்வம்மையாரிடம் ஒரு வினாவைக் கேட்டோம். முடிவு தெரிந்த கதையை எதற்காக இரண்டாம் முறையும் இருந்து பார்க்கிறார்? “முடிவு தெரியும்தானே. இப்ப பாக்கிறது ஆர் எந்த இடத்தில பிழை விட்டவையெண்டு” என்றார். கதை எங்கே சென்று முடியும் என்பதைக் காட்டிலும் அது செல்லும் போக்கையே பார்வையாளர் கவனிக்க வேண்டும் என்று பிறெக்ற் வேண்டினார். புராணம் கேட்டவர்களும் அதனையே செய்தனர். யார் பிழை விட்டதாக அவர் கருதுகிறார் என மீண்டும் கேட்டோம். மாணிக்கத்தின் தாயையே சொல்வார் என எதிர்பார்த்திருந்தோம்.

“முதல் பாக்கேக்கை சிதம்பரத்தாருக்காக அழுதனான் தம்பி. ஐஞ்சு குமரையும் வைச்சுக்கொண்டு அந்த மனிசன் பட்ட பாடு. இப்ப அவரிலதான் கோவம் வருது. பொறுத்துப் போ பிள்ளை, பொறுத்துப் போ பிள்ளை எண்டு ஒவ்வொருக்காலும் திருப்பித் திருப்பி அங்க கொண்டுபோய் விட்டவர் அவர்தானே.”